ஏதென்ஸின் முடிக்காத வாசல்

பார்தெனன் கோயிலைப் பார்க்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுத்தான் கிரேக்கத்துக்குப் போனேன். உண்மையில் போனது என் தம்பி நேசனைக் கூட்டிக்கொண்டு வர.

முதற் காரணமும் முழுப் பொய்யில்லை. திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பிக்கிறேன். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்து இறங்கும் பிள்ளைகளுக்கும் கிண்ணியாத் துறை கடந்து வரும் பிள்ளைகளுக்கும் டொரிக் தூண் எது, அயோனிக் தூண் எது, கொரிந்தியத் தூண் எது என்று கரும்பலகையில் கீறிக் காட்டியே என் இளமை போய்விட்டது. டொரிக் என்றால் வேட்டியை மடித்துக் கட்டி வயலில் நிற்கும் கமக்காரன். அயோனிக் என்றால் இரண்டு பக்கமும் கொண்டை போட்ட மாமி. கொரிந்தியன் என்றால் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட பொம்பிளை. இதைச் சோதனைத் தாளிலும் எழுதி வைத்த பிள்ளைகள் உண்டு. "ரீச்சர், நீங்கள் இதுகளை நேரில பார்த்தனீங்களோ?" என்று ஒருத்தி கேட்டால், "படத்தில பார்த்தனான், அது காணும்" என்பேன். போதாது என்பது எனக்கே தெரியும்.

இனித் தம்பியின் கதை. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைப்பார்கள். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியிருப்பார். தகப்பன் இல்லாவிட்டால் அந்தப் பாரம் ஆண் சகோதரங்களின் தலையில் விழும். எங்கள் ஐயா நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். அம்மாவும் பின்னாலே போனா. அக்காவான எனக்கு வீடு கட்டி முடிக்காமல் தனக்குக் கலியாணம் இல்லை என்று நேசன் துறைமுக வேலையை விட்டுவிட்டு ஒரு கிரேக்கக் கப்பலில் ஏறினான். சில வருஷங்களில் ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி, கப்பல் திருத்தும் பட்டறை ஒன்றில் கறள் சுரண்டிப் பெயின்ற் அடிக்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே தங்கிவிட்டான். திருகோணமலைக்குப் பக்கத்தில், உப்புவெளியில், என் வீடு எழும்பிக்கொண்டே இருக்கிறது. இரண்டு அறைக்கும் குசினிக்கும் ஓடு போட்டாயிற்று. முன் விறாந்தை மட்டும் வானம் பார்த்துக் கிடக்கிறது. அதன் தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்று கடற்காற்றில் கறள் பிடிக்கின்றன.

பக்கத்து மீன்பிடி ஊரான சல்லியில் எங்கள் மாமாவின் மூத்த மகள் தவமணி, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்துகொண்டு, இவனுக்காகக் காத்திருக்கிறாள். அவளுக்கென்று மாமா கட்டிய வீடும் பூட்டுப் போட்டபடி காத்திருக்கிறது. "தை பிறந்தால் நான் வேற இடம் பார்ப்பன் பிள்ளை. ஒரு குமரை எத்தினை காலத்துக்கு வைச்சுப் பார்த்துக்கொண்டிருக்கிறது? இவளுக்குப் பின்னால தங்கச்சியும் நிக்கிறாள்." என்று மாமா என்னிடம் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. எனக்கோ கலியாணத்தில் ஒருநாளும் மனம் போனதில்லை. அது தியாகமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. சிலருக்குப் பாகற்காய் பிடிக்காததுபோலத்தான். இதை நேசனுக்கு எழுதிக் கை உளைந்ததுதான் மிச்சம். நேரில் போய்க் காதில் பிடித்து இழுத்து வருவோம் என்று ஆகஸ்ட் விடுமுறையில் வெளிக்கிட்டேன்.

பிரேயஸ் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. எண்ணெய், ஈரக் கயிறு, மீன், அழுகிய பழம் என்று துறைமுகத்துக்கு உள்ள மணம் அங்கும் இருந்தது. ஆனால் எங்கள் துறைமுகம் மலைகளுக்குள் ஒளிந்து கிடக்கும் பெரிய அமைதி. இதுவோ சந்தை. தீவுகளுக்குப் போகும் கப்பல்கள் பஸ் நிலையத்தில் நிற்பதுபோல வரிசையாக நின்று ஆட்களை ஏற்றுகின்றன. மூதூர் லோஞ்சுக்கு நெரிபடும் எங்கள் சனத்தைப் போலவே கோழிக்கூடு, எண்ணெய்த் தகரம், அழுகிற குழந்தை எல்லாவற்றோடும் ஏறுகிறார்கள்.

நேசன் மெலிந்திருந்தான். நெற்றி மேலே ஏறியிருந்தது. "வந்திட்டீங்களோ அக்கா" என்றான், நான் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததுபோல. பெட்டியை வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "அறுக்குளாக் கருவாடோ?" என்றான். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தான்.  நல்லவேளை, பாரமான பெட்டி இருந்தது. அதைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போனோம்.

அவன் அறை எடுத்திருந்த வீடு இரீனி என்ற ஒரு விதவை அம்மாவுடையது. தலை முதல் கால்வரை கறுப்பு உடுப்பு. கருவாடு பொரிந்தால் வீட்டை விட்டே கலைப்பா என்று பயந்திருந்தேன். போய்ப் பார்த்தால், அவவின் குசினி வாசலில், உடுப்புக் காயப்போடும் கொடியில், எட்டுக்கால் கணவாய்கள் உடுப்புக் கவ்வியில் தொங்குகின்றன. சல்லிக் கடற்கரைதான். கருவாட்டு மணத்துக்கு ஓடி வந்தவ சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, தன் மார்பில் சிலுவை போட்டு, ஏதோ சொன்னா.

"மாதாவுக்கு விரதமாம், மச்சம் தொடமாட்டாவாம்" என்று நேசன் சொன்னான். "விரதம் முடிய ஒரு துண்டு வைச்சுத் தரட்டாம்."

"அப்ப அந்தக் கணவாய்?"

"அதுக்கு இரத்தம் இல்லையாம் அக்கா. அது சரியாம்."

எங்கள் வெள்ளிக்கிழமைச் சைவச் சட்டத்தில் இப்படி ஒரு வசதியான ஓட்டையை முன்னோர் ஏன் விடவில்லை என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அடுத்த நாள் நேசனுக்கு வேலை. தனியாக மின்சார ரயிலில் ஏதென்ஸ் நகருக்குப் போய் இறங்கி, ஒரு பஸ்சின் படியில் நின்று "அக்ரோபொலிஸ்?" என்று கேட்டேன். சாரதி நாடியை மேலே உயர்த்தி நாக்கைக் கொட்டினார். எங்கள் ஊரில் கொண்டக்டர் நாடியை அப்படி உயர்த்தினால் "ஏறு, உள்ளுக்குப் போ" என்று அர்த்தம். ஏறி உள்ளுக்குப் போய்ச் சன்னலோரத்தில் வடிவாக இருந்துகொண்டேன். அங்கே அதற்கு "இல்லை" என்று அர்த்தமாம். அக்ரோபொலிஸ் மலை வலப்பக்கத்தில் வந்து, பின்பக்கத்துக்குப் போய், மறையத் தொடங்கியபோது பதறிக்கொண்டு இறங்கினேன். இறங்கிய இடத்தில் வெட்டவெளியில் பிரமாண்டமான கொரிந்தியத் தூண்கள் சில நின்றன. ஒலிம்பிய சேயுஸ் கோயில். பஸ் பிழைத்தாலும் பாடத்திட்டத்துக்கு வெளியே போகவில்லை.

அந்தத் தூண்களில் ஒன்று எப்போதோ ஒரு புயலில் விழுந்தது. விழுந்தபடியே, துண்டு துண்டாகச் சரிந்து, அடுக்கி வைத்த இடியப்பத் தட்டுகள் சாய்ந்ததுபோலக் கிடக்கிறது. தூண் ஒரே கல்லில்லை, உருளைகளின் அடுக்கு என்று எத்தனை தரம் படம் கீறி விளக்கியிருப்பேன்! விழுந்து கிடக்கும் இந்த ஒன்றைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்கும் விளக்கம் தேவையில்லை. பக்கத்தில் போய் நின்றேன். ஒரு துண்டின் விளிம்பு என் தோளுக்கு மேலே நின்றது.

நிழலில் இருந்து யோசித்தேன். இந்தக் கோயிலை ஏதென்ஸை அடக்கி ஆண்ட ஒரு குடும்பம் தொடங்கியது. ஆட்சி போனதும் வேலை நின்றது. நூற்றாண்டுகள் கழித்து வேறொரு அரசன் தொட்டான், அவனும் செத்தான். கடைசியில் கடல் கடந்து உரோமச் சக்கரவர்த்தி ஒருவன் வந்துதான் முடித்து வைத்தான். இவ்வளவு பெரிது, இவ்வளவு அலங்காரம், எல்லாம் சரி. முடித்துவிட்டு எத்தனை காலம் கும்பிட்டார்கள்? நாலைந்து தலைமுறைதான். பிறகு படையெடுப்பு, இடிப்பு, சுண்ணாம்புச் சூளை. முடிய எடுத்த காலத்தில் கால் பங்குகூட அது முடிந்த கோயிலாக நிற்கவில்லை. இதை நான் பல தடவை படிப்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது. உப்புவெளி விறாந்தையின் நினைவு வந்து, மனம் பாரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நேசனும் நானும் மலை ஏறினோம். வெயில் எங்கள் ஊர் வெயில்தான், ஆனால் வியர்வை இல்லாத வெயில். பளிங்குப் படிகளில் செருப்பு வழுக்கியது. மேலே ஏறுகிற வழியில் வருவது புரோபிலேயா என்ற பெரிய வாசல். எங்கள் ஊரில் கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலுக்குள்ளால் போவதுபோல, அதைக் கடந்துதான் உள்ளே போகலாம்.

அந்த வாசலின் வெளிச்சுவரில் கற்களிலிருந்து குமிழ் குமிழாக ஏதோ துருத்திக்கொண்டு நின்றது. நேசன் அதைத் தடவிப் பார்த்தான். காவற்காரர் விசில் ஊதினார்.

"இதென்ன அக்கா, இவ்வளவு வடிவாக் கட்டிப்போட்டு?"

"கயிறு போட்டுத் தூக்குறதுக்கு விட்ட குமிழ். கல்லை இருத்தின பிறகு கொத்தி எடுத்து, சுவரை மட்டமாக்க வேணும். அதுக்கிடையில சண்டை வந்திட்டுது. பிறகு ஒருத்தரும் தொடேல்லை."

"அப்ப இது முடியாத வேலையோ?"

"ஓம். அந்தப் பக்கத்து மண்டபம் ஒண்டும் கட்டவே இல்லை."

அவன் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தான். "சனம் இதாலதான் போய் வந்ததோ?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல போய் வருது. நாங்களும் இப்ப இதாலதான் போறம்." சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று தொடர்ந்தேன். "ஆரும் வாசலில நிண்டு, குமிழ் கொத்தேல்லை, நான் உள்ளுக்கு வரமாட்டன் எண்டு சொல்லேல்லை, நேசன்."

அவன் சிரித்தான். "கடவுளுக்கு அது சரி அக்கா. ஊருக்குச் சரிவராது."

வந்த வேலையைத் தொடங்கிய இடத்திலேயே தோற்றேன்.

வாசலைக் கடந்ததும் பார்தெனன். நெஞ்சு அடித்துக்கொண்டது, அதை மறைப்பானேன். அத்தனை வருஷம் சுண்ணக்கட்டியால் கீறிய ஒன்று, தேன் நிறத்தில், வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கிறது. உள்ளே போகக் கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். என் கால் தன்பாட்டில் இடப்பக்கம் திரும்பியது. கோயில் என்றால் வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றிவருவதுதானே பழக்கம்! நேசன், "நான் இந்தப் பக்கத்தால வாறன், ஒரு சிகரெட் இருக்கு" என்று எதிர்ப்பக்கம் போனான்.

வட பக்கத்தால் மெல்ல நடந்து கிழக்கு முகப்புக்கு வந்தபோதுதான் விளங்கியது. தேவியின் வாசல் கிழக்கில். நான் வகுப்பில் ஒட்டி வைத்து "இதுதான் பார்தெனன்" என்று காட்டிய படம் மேற்குப் பக்கம். இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு அந்த அம்மனின் முதுகைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பழைய காலத்து ஏதென்ஸ் சனமும் தேவிக்கு நெய்த புடவையைக் கொண்டு இதே வடபக்கத்தால்தான் ஊர்வலம் வந்தது. படிப்பு மறைத்ததைக் கால் கண்டுபிடித்தது. சிரிப்பு வந்தது.

சுவரின் உச்சியில் அந்த ஊர்வலத்தைச் செதுக்கிய நீண்ட பட்டை ஓடியது. பின்மூலையில் தொடங்கி இரண்டாகப் பிரிந்து, ஒன்று வடக்காலும் ஒன்று தெற்காலும் வந்து, கிழக்கு வாசலுக்கு மேலே ஒன்றையொன்று சந்திக்கும். குதிரைக்காரர், குடம் சுமப்பவர்கள், பலிக்குப் போகும் மாடுகள். பாதிக்குக் கிட்ட இப்போது லண்டனில். நேசன் தெற்குப் பக்கத்தால் வந்து சேர்ந்தான். இருவரும் ஒரு கல்லில் இருந்து, நான் கொண்டுவந்த பேக்கரிப் பாணையும் ஒலிவ் காயையும் சாப்பிட்டோம். ஒலிவ் காய் எனக்குப் பழகவில்லை. ஊறுகாய் போடத் தொடங்கிவிட்டு மிளகாய்த்தூளை மறந்துபோனதுபோல ஒரு ருசி.

"எங்கட கோணேசரையும் இப்படித்தானே உடைச்சவங்கள்" என்றான் நேசன்.

"ஓம். பறங்கியள் அந்தக் கல்லைக் கொண்டுபோய்க் கோட்டை கட்டினாங்கள். இந்தக் கோயிலுக்குள்ள வெடிமருந்தை வைச்சு வெடிக்கவிட்டாங்கள்."

"ஆனால் நாங்கள் திருப்பிக் கட்டிப்போட்டம்."

அது உண்மை. மண்ணுக்குள் இருந்து வந்த விக்கிரகங்களை வைத்து எங்கள் சனம் புதிதாக ஒரு கோயிலைக் கட்டியது. பழைய ஆயிரங்கால் மண்டபத்தின் அழகு அதற்கு இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை போனால் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்கும். இங்கே உலகத்திலேயே வடிவான கோயில். நுழைவு ரிக்கற் இருக்கிறது, பூசை இல்லை. எது பெரிது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வடிவு இல்லாமலும் ஒரு இடம் உயிரோடு இருக்கலாம் என்று மட்டும் தெரிந்தது.

மலையில் இருந்த சிறிய நூதனசாலையில், கண்ணாடிக்குள், தூணாக நின்று கூரை தாங்கிய கல்லுப் பெண்களைப் பார்த்தோம். புகை பட்டு முகம் கரைகிறது என்று அண்மையில்தான் பக்கத்துக் கோயிலிலிருந்து இறக்கி இங்கே வைத்திருந்தார்கள். முழங்கால் ஒன்றை மெல்ல மடித்து, தலையில் பாரம் இருப்பதே தெரியாததுபோல நிற்கிறார்கள். வீட்டைத் தாங்குவது பெண் என்று எங்கள் பகுதியில் யாருக்கும் கல்லில் செதுக்கிக் காட்டத் தேவையில்லை.

"ஆறு பேர் எண்டீங்கள். ஐஞ்சுதான் நிக்குது" என்றான் நேசன்.

"மற்றவ லண்டனில."

"கப்பலில போனவவோ?"

"ஓம்."

"திரும்பி வரேல்லை" என்றான். 

வெளியே மதிலோரம் நின்று நகரத்தைப் பார்த்தோம். கடல்வரைக்கும் வெள்ளை வீடுகள். மொட்டைமாடி ஒவ்வொன்றிலும் தூண் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நின்றன. எங்கள் வீட்டுக் கம்பிகளேதான். மகளுக்கு மேல்மாடி கட்டுவதற்காக விட்டு வைக்கிறார்களாம். "வாற வருஷம் விறாந்தைக்குக் கூரை போட்டிடுவன் அக்கா" என்றான் நேசன், கம்பிகளைப் பார்த்துக்கொண்டே. "பிறகு மதில். மதில் முடிய வாறன்."

"மதில் முடிய கேற் எண்டு சொல்லுவாய். எனக்குக் கலியாணம் வேண்டாமெண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன்?"

"அதுக்கில்லை" என்றான். எதற்கு என்று கேட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஒரு வேலையும் நடக்கவில்லை. இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த நாள் நேசன் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்து, தேசிய நூதனசாலைக்கு என்னைக் கூட்டிப்போனான். சமாதானம் பேசும் அவனுடைய முறை அது. அங்கே ஒரு மண்டபம் நிறையக் கல்லறைக் கற்கள். கதிரையில் ஒரு பெண் இருக்கிறாள், முன்னால் ஒருவர் நிற்கிறார், இருவரும் கை பிடித்திருக்கிறார்கள். அழுகை இல்லை, தலைவிரி கோலம் இல்லை. யாரோ பக்கத்து ஊருக்குப் போவதுபோல ஒரு அமைதி. உரோமருக்கு முந்தி இத்தாலியில் இருந்த எத்ருஸ்கர் வேறு மாதிரி: செத்தவர்களுக்குக் கட்டிலும் தலையணையுமாக வீடே குடைந்து, கணவனையும் மனைவியையும் சேர்ந்து விருந்துண்பதுபோலப் பெட்டி மூடியில் சாய்த்து வைப்பார்கள். படத்தில் பார்க்க எத்ருஸ்கரின் சிரிப்புத்தான் எனக்குப் பிடிக்கும். நேரில் பார்த்தபோது இந்தக் கிரேக்கக் கைகள் என்னை அசைய விடவில்லை.

"இதில செத்தது ஆர்?" என்று நேசன் கேட்டான்.

"இருக்கிறவ எண்டுதான் படிப்பிக்கிறனான். ஆனால் எல்லாக் கல்லிலும் அப்படியில்லையாம். நிண்டவர் செத்து, இருக்கிறவ வழியனுப்புறதும் உண்டாம்."

அவன் கல்லுக்குக் கிட்டக் குனிந்தான். "முகத்தைப் பார்த்தால் தெரியேல்லை" என்றான்.

கடைசி நாள் மத்தியானம் இரீனி அம்மா எங்களைத் தன் மேசைக்குக் கூப்பிட்டா. ஒரு வகைப் பருப்பில் சூப், அதில் வினாகிரிப் புளி. கறிவேப்பிலை இல்லாத பருப்புக் கறி என்று நினைத்துக் குடித்தால் நன்றாகவே இருந்தது. சுவரில் மீசைக்காரர் ஒருவரின் படம் தொங்கியது. யார் என்று கேட்டேன். அவ சொல்லச் சொல்ல நேசன் தமிழில் சொன்னான்.

"அவவின்ட அண்ணனாம். அவரும் கப்பலாம். இந்த வீடு அவர் கட்டினதாம், இவவுக்குச் சீதனமா." நிறுத்திக் கேட்டு, மறுபடி சொன்னான். "இஞ்சயும் அப்படித்தானாம் அக்கா. தங்கச்சிமாரைக் கரை சேர்க்காமல் அண்ணன்மார் கட்டுறேல்லையாம். இவ கலியாணம் கட்டின பிறகும், மேல்மாடி முடியட்டும், பிறகு வாறன் எண்டு சொன்னவராம். பிறகு..."

இரீனி அம்மா நீளமாகக் கதைத்தா. இந்தத் தரம் என்னைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துச் சொன்னா. மேலே விரலைக் காட்டினா. குரல் உயர்ந்து, பிறகு இறங்கியது. நேசன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றா?" என்றேன்.

"சூப் ஆறுதாம்" என்றான்.

மூன்று கோப்பையிலும் சூப் முடிந்து வெகு நேரமாகியிருந்தது.  இரீனி அம்மா எழும்பி வந்து என் தலையைத் தடவிவிட்டுக் குசினிக்குள் போனா.

விமான நிலையத்தில்தான் அவன் வாய் திறந்தான். "அந்த மனுசன் ஏதோ ஒரு ஊர் ஆஸ்பத்திரியில செத்தவராம் அக்கா. இவவுக்கு அந்த ஊரின்ட பேரைச் சொல்லவும் தெரியாது. வீடு இருக்கு, சண்டை பிடிக்க ஆளில்லை எண்டு சொன்னவ."

"அவ சொன்னது விளங்கினால், வா."

"விளங்காமல் இல்லை." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் வந்து தவமணியைக் கட்டினால் மாமா குடுக்கிற வீட்டுக்குத்தான் போவன். வழமை அதுதானே. சல்லியில இருப்பன், நீங்கள் உப்புவெளியில தனிய இருப்பீங்கள். இஞ்ச இருந்தால், தூரத்தில எண்டாலும், நான் உங்கட வீட்டு ஆள். அங்க வந்தால் விருந்தாளி. அதுதான் ஏலாமல் கிடக்கு அக்கா."

அத்தனை வருஷமும் அவனைப் பிடித்து வைத்திருந்தது வீடு முடியாதது என்று நினைத்திருந்தேன். முடிந்துவிடும் என்ற பயம் அது. விமானத்தில் ஏறி, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி தன் இனிப்பை என்னிடம் தந்தா.

ஊருக்கு வந்து, நேரே சல்லிக்குப் போனேன். மாமாவும் தவமணியும் முற்றத்தில் இருந்தார்கள். மறைக்காமல் இருவருக்கும் சொன்னேன், அவன் சொன்ன காரணத்தோடு. மாமா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப முடிஞ்சுது கதை" என்று கடற்கரைப் பக்கம் போய்விட்டார். தவமணி காய்ந்த கருவாட்டைப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். 

மறுநாட் காலை நான் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது கேற்றில்லாத வாசலால் ஒரு சைக்கிள் வந்தது. பின் கரியரில் ஒரு தகரப் பெட்டி கயிற்றால் கட்டியிருந்தது. தவமணி இறங்கி, ஸ்ராண்டைப் போட்டு, கயிற்றை அவிழ்த்தாள்.

"எனக்கு எந்த அறை மச்சாள்?" என்றாள்.

பின்னாலேயே மாமா வந்தார். வேலியோரத்தில் சனம் கூடிவிட்டது. "எங்கட பகுதியில பெட்டையள் மாப்பிளை வீட்டில போய் இருந்த கதை எங்கயும் உண்டோ? கலியாணமும் இல்லாமல்? தலை நிமிர்ந்து நான் எப்படி நடக்கிறது?"

"நான் மாப்பிளை வீட்டுக்கு வரேல்லை அப்பா" என்றாள் தவமணி. "வீடு மச்சாளிட. நான் மச்சாளிட வீட்டுக்குத்தான் வந்தனான். நீங்கள் கட்டின வீட்டைத் தங்கச்சிக்குக் குடுங்கோ. அவர் வந்தால் இஞ்ச இருக்கட்டும். வராட்டி நாங்கள் ரெண்டு பேரும் இருப்பம்."

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையில்லாத விறாந்தையைப் பார்த்தார். வழமையின்படி அவள் சொன்னதில் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை. ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், அவர் எங்களோடு கதைக்கவில்லை. ஆனால் நாள் தவறாமல் மீன் மட்டும் ஆள் வைத்து அனுப்பினார்.

அந்தக் கிழமை முடிய, தபாற்கந்தோருக்குப் போய் பிரேயஸுக்கு ஒரு ரெலிபோன் கோல் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் இரீனி அம்மாவின் குரல் கேட்டது. என் குரலை அடையாளம் கண்டு "நேசன், நேசன்" என்று வீடு அதிரக் கூப்பிட்டா. அவன் ஓடி வந்து மூச்சு வாங்கினான்.

"ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ அக்கா?"

"ஒண்டும் நடக்கேல்லை. தவமணி வந்திருக்கிறாள்."

"எங்க?"

"எங்கட வீட்டுக்கு. பெட்டியோட. இனிப் போகமாட்டாளாம். நீ வந்தாலும் இஞ்சதானாம் இருக்கிறது."

கடலுக்கு அடியால் வருவதுபோல ஒரு இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று பயந்து, "நேசன்" என்று கத்தினேன். கவுண்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நிக்கிறன் அக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது. அவன் அழுவதை நான் கேட்டது அம்மாவின் செத்த வீட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான். பிறகு, என்ன கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டிருப்பான்: "மழைக்கு முதல் விறாந்தைக்குக் கூரை போட்டிடுவினமோ?"

"போடமாட்டினம். மேசன்மாரை நிப்பாட்டிப் போட்டன்" என்றேன். "நீ வந்து போடு."